விருப்பத்தின் பேரில்: ஜப்பானியப் பள்ளி மன்றங்களின் மாலைகள்

2018 ஆகஸ்டில், கோஷியென் மைதானத்தில் நடந்த தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியில், யோஷிதா கோசெய் என்ற மாணவர் ஆறு ஆட்டங்களில் 881 பந்துகள் வீசினார். அவர் படித்தது வடக்கே அகிதா மாகாணத்தில் ஒரு வேளாண்மைப் பள்ளி. அந்த மாகாணத்து அணி ஒன்று இறுதியாட்டத்தைத் தொட்டு 103 ஆண்டுகள் ஆகியிருந்தன. இறுதியில் ஒசாகா தோயின் பள்ளியிடம் 2–13 என்று தோற்றுப்போனார்கள். தோற்றவர்களைத்தான் நாடு அதிகம் கொண்டாடியது. பள்ளிக்கூடத்துப் பையனின் தோளை இப்படித் தேய்க்கலாமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 2020இல் ஒரு வாரத்துக்கு ஒருவர் 500 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்று விதி வந்தது. 500 என்பதே தாராளம்தான்.

அந்த 881 பந்துகளை வீசச் சொன்னது யார் என்று சட்டப் புத்தகத்தில் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார். பள்ளி நேரம் முடிந்தபின் நடக்கும் மன்றச் செயல்பாட்டை ஜப்பானில் 'புக்கட்சு' என்கிறார்கள். மாணவர்கள் தாமாக முன்வந்து பங்கேற்பது என்றே அரசின் பாடத்திட்ட நெறிமுறை அதை வரையறுக்கிறது. ஆசிரியர் பக்கமும் இதே கதை. 1971இல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மிகைநேர ஊதியம் கிடையாது. அதற்கு ஈடாக மாதச் சம்பளத்தோடு 4 விழுக்காடு சேர்த்துத் தருவது என்று அந்தச் சட்டம் வைத்தது. மாணவர்களின் செய்முறைப் பயிற்சி, பள்ளி விழாக்கள், ஆசிரியர் கூட்டம், பேரிடர் போன்ற அவசரம் ஆகிய நான்குக்கு மட்டுமே கூடுதல் நேரம் வேலை செய்யச் சொல்லி ஆணையிடலாம். மன்றப் பணி இந்த நான்கில் சேராது. ஆக, மாலை ஆறரைக்கு மைதானத்தில் நிற்கும் மாணவரும் விருப்பத்தின் பேரில் நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் ஆசிரியரும் விருப்பத்தின் பேரில் நிற்கிறார். ஜப்பானியப் பதின்பருவத்தில் பெரும்பகுதி இந்தக் காகித விருப்பத்தின் மேல் கட்டப்பட்டது. மன்ற வாழ்வின் நெருக்கம் அதிலிருந்து வருகிறது. அங்கே நடக்கும் கொடுமைகளுக்குப் பொறுப்பேற்க ஆள் அகப்படாமல் போவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி என்பது பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரையிலான மூன்றாண்டு. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். சட்டம் கட்டாயமாக்கவில்லை என்றாலும் கிட்டத்தட்ட எல்லோரும் சேர்கிறார்கள். மூன்று, மூன்றரை மணிக்கு வகுப்பு முடியும். மாணவர்களே வகுப்பறையையும் நடைவழியையும் கூட்டித் துடைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மன்ற அறைக்குப் போவார்கள். பேஸ்பால், கால்பந்து, கெண்டோ, கைப்பந்து ஒரு பக்கம். ஊதுகருவி இசை, தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து, ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி, ஒலிபரப்பு, மாங்கா எனும் சித்திரக்கதை மறுபக்கம். பொதுவாக ஒருவர் ஒரு மன்றத்தில்தான் சேர்வார். சேர்ந்தால் மூன்றாண்டும் அதிலேயே இருப்பார் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்க மாணவர்கள் பருவத்துக்கு ஒரு விளையாட்டு என்று மாறிக்கொள்வார்களே, அந்தப் பழக்கம் இங்கே இல்லை. பல மன்றங்களுக்குக் காலையில் பள்ளி தொடங்குமுன் ஒரு பயிற்சி உண்டு. சனி ஞாயிறும் உண்டு. நட்பு, பகை, காதல், முதல் அவமானம் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. வகுப்பறையில் பெரும்பாலும் ஆசிரியர் பேசுவார், மாணவர் குறிப்பெடுப்பார்.

மன்றத்துக்குள் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வயது. ஓராண்டு முன்னால் சேர்ந்தவர் 'சென்பாய்', பின்னால் வந்தவர் 'கோஹாய்'. முதலாண்டு மாணவர் பந்து பொறுக்குவார், மைதானத்தைச் சமன்படுத்துவார், மூத்தவரைக் கண்டதும் நின்று வணக்கம் சொல்வார். திறமை எவ்வளவு இருந்தாலும் முதல் சில மாதங்கள் இதுதான். அடுத்த ஏப்ரலில் புதியவர்கள் வந்ததும் தாமே மூத்தவர் ஆகிவிடுவார். அலுவலகத்தில் பின்னால் பேசப்போகும் மரியாதை மொழியை ஒரு ஜப்பானியர் உண்மையான விளைவுகளோடு முதன்முதலாகப் பேசிப் பழகும் இடம் மன்றம்தான். பெற்றோர்கள் அதற்காகவே மன்றத்தை விரும்புவதும் உண்டு. பிள்ளை கெண்டோ கற்கிறதோ இல்லையோ, தலைவணங்கக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் ஆண்டின் கோடையில் இந்த வாழ்வு சட்டென்று முடியும். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு காத்திருக்கிறது. மூத்தவர்கள் மன்றத்திலிருந்து 'ஓய்வு' பெறுகிறார்கள். ஓய்வு நாளைக் குறிப்பது நாட்காட்டி அல்ல, போட்டி. கோஷியென் கோடைப் போட்டிக்கு நாடெங்கும் சுமார் 3,400 அணிகள் மாகாணச் சுற்றில் இறங்குகின்றன; 49 அணிகள் மைதானம் வரை வருகின்றன. ஓர் ஆட்டம் தோற்றால் வெளியே. அதாவது, ஓர் அணியைத் தவிர நாட்டின் மற்ற எல்லா அணிகளிலும் மூன்றாமாண்டு மாணவரின் கடைசி ஆட்டம் தோல்வியாகத்தான் இருக்கும். தோற்ற பையன்கள் கோஷியென் மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளும் காட்சியைத் தொலைக்காட்சி ஆண்டுதோறும் காட்டுகிறது. பதினெட்டு வயதில் எல்லோரும் சேர்ந்து தோற்பதை இவ்வளவு ஒழுங்காக ஏற்பாடு செய்துவைத்த வேறு கல்வி முறை எனக்குத் தெரிந்து இல்லை. அந்த அழுகையில் பொய் கிடையாது. அதை ஒளிபரப்புவதில் வியாபாரமும் கலந்திருக்கிறது.

வியாபாரம் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1872இல் தோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்கர் பேஸ்பாலை அறிமுகப்படுத்தினார். 1896இல் மேட்டுக்குடிப் பிள்ளைகள் படித்த முதலாம் உயர்நிலைப் பள்ளி, யோக்கோஹாமாவில் வாழ்ந்த வெளிநாட்டவரின் அணியை 29–4 என்று வென்றது. பள்ளி விளையாட்டு தேசப் பெருமையாக மாறிய நாட்களில் அது முக்கியமானது. 1915இல் அசாஹி நாளிதழ் பத்து அணிகளைக் கொண்டு பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தியது. கூட்டம் பெருகவே 1924இல் கோஷியென் மைதானம் எழுந்தது. போட்டி பத்திரிகை விற்றது, பத்திரிகை போட்டியை வளர்த்தது. போர்க்காலத்தில் மன்றங்கள் தேசபக்திப் படைகளாகக் கரைக்கப்பட்டன. 1941இல் கோடைப் போட்டி நின்றது. 1946இல்தான் மீண்டும் தொடங்கியது.

இன்றைய மன்றத்தின் கரு 1945க்குப் பின்னர் உருவானது. விளையாட்டு மன்றங்களின் போருக்குப் பிந்தைய வரலாற்றை ஆராய்ந்த நக்கஸாவா அத்சுஷி 2014இல் வெளியிட்ட நூலில் ஒரு முரணைச் சுட்டுகிறார். மன்றங்கள் பெருத்தது ராணுவ ஒழுங்கின் எச்சத்தால் மட்டுமல்ல, ஜனநாயக ஆசையாலும்தான். ஆணைக்குக் கட்டுப்பட்டு வளர்ந்த தலைமுறைக்கு மாற்றாக, தாமே முடிவெடுக்கும் குடிமக்களை உருவாக்கப் பள்ளி விரும்பியது. அதற்குத் தகுந்த இடமாகத் தெரிந்தது மன்றம். அங்கே மாணவர் தாமாக வருகிறார், தாமே தலைவரைத் தேர்கிறார். ஆனால் அந்தத் தன்முனைப்பை வளர்க்க ஆசிரியர் கூடவே நிற்க வேண்டியிருந்தது. நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு நகரவே முடியவில்லை.

1964 தோக்கியோ ஒலிம்பிக் நெருங்கியபோது வெற்றி என்ற சொல் உள்ளே வந்தது. 1970களில் வாரத்துக்கு ஒரு மணி நேர மன்ற வகுப்பைப் பாடத்திட்டமே கட்டாயமாக்கியது. மாலை மன்றம் அதற்கு வெளியே விருப்பச் செயலாகத் தொடர்ந்தது. 1980களை ஒட்டிப் பள்ளிகளில் வன்முறை தலைதூக்கியது. அடங்காத பையன்களைக் களைக்கவைத்து வீட்டுக்கு அனுப்பும் வழியாக மன்றங்கள் பயன்பட்டன. கியோத்தோவின் ஃபுஷிமி தொழிற்பள்ளி ரக்பி அணி 1975இல் ஓர் ஆட்டத்தை 0–112 என்று தோற்றது. ஆறாண்டுக்குள் அதே பள்ளி தேசியப் பட்டம் வென்றது. அந்தக் கதையை வைத்து 1984இல் வந்த 'ஸ்கூல் வார்ஸ்' தொலைக்காட்சித் தொடர், வீட்டை மறந்து மைதானத்திலேயே வாழும் ஆசிரியரை நாட்டின் நாயகனாக்கியது. அப்படி நிற்காத ஆசிரியர், அன்று முதல் விளக்கம் சொல்ல வேண்டியவரானார்.

மாணவரின் விருப்பத்தையும் இப்படித்தான் இறுக்கினார்கள். மேற்படிப்புக்குப் பள்ளி அனுப்பும் மதிப்பீட்டு அறிக்கையில் மன்றத்தில் என்ன செய்தார் என்பது இடம்பெறும். பரிந்துரை வழிச் சேர்க்கையில் அது எடைபோடப்படும். பாதியில் விலகினால் 'நிலைத்து நிற்காதவர்' என்று நினைப்பார்களோ என்ற பயம் போதும். எந்த மன்றத்திலும் சேராமல் வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு 'வீடு திரும்பும் மன்றம்' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. சேராதவரையும் ஒரு மன்றத்தில் சேர்த்துவிடுகிற சமூகம் அது. அப்படிப் போகிறவர்களில் பகுதிநேர வேலைக்குப் போகிறவரும் உண்டு, டியூஷனுக்குப் போகிறவரும் உண்டு, காலணிக்கும் சீருடைக்கும் பயணத்துக்கும் வீட்டில் பணம் இல்லாதவரும் உண்டு. மன்றங்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் மன்றத்துக்குள் இருந்தவர்களின் எழுத்தாக இருப்பதால், இவர்கள் அதில் அதிகம் தென்படுவதில்லை.

பெண்களின் இடம் தனிக் கதை. பையன்களின் அணிகளில் மாணவியர் 'மேனேஜர்' என்ற பெயரில் இருப்பார்கள். தண்ணீர் நிரப்புவது, துணி துவைப்பது, புள்ளி எழுதுவது அவர்கள் பொறுப்பு. 2014இல் சைத்தாமா மாகாணத்தில் ஒரு மாணவி இரண்டாண்டில் அணிக்காக இருபதாயிரம் சோற்றுருண்டை பிடித்தார். அந்த வேலைக்கு நேரம் ஒதுக்குவதற்காக, கடினமான பாடப்பிரிவிலிருந்து சாதாரணப் பிரிவுக்கு மாறிக்கொண்டார் என்றும் செய்தி வந்தது. பாராட்டாக எழுதப்பட்ட செய்தி பெரும் சர்ச்சையாகிவிட்டது. அவரே விரும்பித்தானே செய்தார் என்றது ஒரு தரப்பு. விருப்பம் என்ற சொல் இந்த விவாதங்களில் எப்போதும் அப்படித்தான் வந்து கதவைச் சாத்தும். 2016இல் கோஷியென் பயிற்சியின்போது களத்தில் இறங்கிய ஒரு மேனேஜர் மாணவியை வெளியே போகச் சொன்னார்கள். மறுவருடம் தலைக்கவசத்தோடு பயிற்சியில் நிற்கலாம் என்றார்கள். மகளிர் உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலின் இறுதியாட்டம் கோஷியெனில் நடந்தது 2021இல்தான்.

விளையாட்டை மட்டும் பார்த்தால் மன்றங்களின் அழகு பிடிபடாது. ஷிகோக்கு தீவின் மத்சுயாமா நகரில் 1998 முதல் ஆகஸ்டுதோறும் 'ஹைக்கூ கோஷியென்' நடக்கிறது. ஐந்து பேர் கொண்ட பள்ளி அணிகள் சிவப்பு, வெள்ளை என எதிரெதிரே உட்காரும். கொடுத்த தலைப்பில் எழுதிய கவிதையை ஒரு தரப்பு முன்வைக்க, மறுதரப்பு அதைக் குடையும்: இந்தச் சொல் ஏன், பருவச் சொல் இங்கே என்ன செய்கிறது, கடைசி அடி இல்லாவிட்டால் என்ன குறையும். எழுதியவரின் அணி பதில் சொல்ல வேண்டும். பிறகு நடுவர்கள் கொடி தூக்குவார்கள். கவிதைக்கு மட்டுமல்ல, பேச்சில் வெளிப்பட்ட ரசனைக்கும் மதிப்பெண் உண்டு. நம்மூர்ப் பட்டிமன்றத்தைப் பதினேழு அசைக்குள் அடக்கியதுபோல இருக்கும். முதல்கட்டச் சுற்றுகள் நகரின் கடைவீதியிலேயே நடப்பதால், காய்கறிப் பையோடு போகிறவர்களும் நின்று கேட்கிறார்கள்.

மத்சுயாமாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நவீன ஹைக்கூவுக்கு வடிவம் கொடுத்த மசாவோக்கா ஷிக்கி 1867இல் பிறந்த ஊர் அது. அவர் மாணவப் பருவத்தில் பேஸ்பால் பைத்தியம். மட்டையாளர், ஓடுபவர் போன்றவர்களைக் குறிக்க அவர் உருவாக்கிய ஜப்பானியச் சொற்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. 2002இல் ஜப்பானிய பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். (ஷிக்கி இறந்து பதினான்கு ஆண்டு கழித்து, 1916இல், ஜப்பானியக் கவிதை பற்றிப் பாரதி சுதேசமித்திரனில் எழுதியது தமிழ் வாசகருக்கு நினைவிருக்கும்.) 1992 முதல் கோச்சியில் மாங்காவுக்கும், 2008 முதல் எஹிமே மாகாணத்தின் ஷிகோக்குசூவோ நகரில் இசைக்கேற்ப ஆடியபடியே பெரிய தாளில் எழுதும் தூரிகை எழுத்துக்கும் இப்படியே கோஷியென்கள் முளைத்தன. ஒரு கவிதை மன்றத்துக்குக்கூடப் போட்டி, அணி, தோல்வி என்ற பேஸ்பாலின் எலும்புக்கூடுதான் கிடைத்தது என்பதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் பதினாறு வயதில் தன் மூன்று அடிகளுக்காக அந்நியர் முன் வாதாடக் கிடைக்கும் வாய்ப்பை நான் குறையாக நினைக்கமாட்டேன்.

இனி ஆசிரியர் அறைக்குள் போவோம். 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) எடுத்த சர்வதேசக் கணக்கெடுப்பில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகத் தெரிந்தது; பங்கேற்ற நாடுகளில் அதுவே அதிகம். அதில் பாடத்துக்கு வெளியிலான செயல்பாடுகளுக்கு மட்டும் 7.5 மணி. எல்லா நாடுகளின் சராசரி 1.9 மணி. உயர்நிலைப் பள்ளியிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2014இல் ஜப்பான் விளையாட்டுச் சங்கம் எடுத்த கணக்கின்படி, உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு மன்றங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்களில் 40.9 விழுக்காட்டினர் உடற்கல்வி ஆசிரியரும் அல்லர், அந்த விளையாட்டை ஆடிய அனுபவமும் இல்லாதவர்கள். வேதியியல் ஆசிரியர் ஜூடோவைப் பார்த்துக்கொள்வார். அதன் விலை சிறியதல்ல. நகோயா பல்கலைக்கழகத்தின் உச்சிதா ரியோ பள்ளி விபத்துப் பதிவுகளைத் திரட்டி, 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் பள்ளி ஜூடோவில் இறந்திருப்பதைக் காட்டினார். அதுவரை ஒவ்வொரு மரணமும் அந்தந்தப் பள்ளியின் துரதிர்ஷ்டமாக இருந்தது. கூட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

2012 டிசம்பரில் ஒசாகாவின் நகராட்சி உயர்நிலைப் பள்ளி ஒன்றில், கூடைப்பந்து அணித் தலைவரான பதினேழு வயது மாணவர் பயிற்சியாளரின் தொடர் அடிகளுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுவருடம் நீதிமன்றம் அந்த ஆசிரியருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. பள்ளிகளில் உடல் தண்டனையை ஜப்பானியச் சட்டம் 1947லிருந்தே தடைசெய்திருக்கிறது என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். வகுப்பறையில் அடித்தால் புகார். மைதானத்தில் அடித்தால் அது பயிற்சி. நாமாக விரும்பி வந்த இடம் என்பதால் புகார் சொல்ல நா எழாது. அடி ஆசிரியரிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2025 கோடையில், விடுதியில் மூத்த மாணவர்கள் இளையவரைத் தாக்கிய விவகாரம் சமூக வலைத்தளங்களில் பரவியதால், ஹிரோஷிமாவின் பெயர்பெற்ற அணி ஒன்று முதல் ஆட்டத்தை வென்ற பிறகும் கோஷியெனிலிருந்து விலகிக்கொண்டது.

மாற்றங்கள் வராமல் இல்லை. மன்றப் பொறுப்பை ஏற்பதில் தமக்குத் தேர்வுரிமை வேண்டும் என்று இளம் ஆசிரியர்கள் இணையத்தில் குரல்கொடுத்தார்கள். 2017இல் வெளியிலிருந்து பயிற்றுநரை நியமிக்க விதி வழிவிட்டது. 2018இல் வந்த அரசு வழிகாட்டல் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, வார நாளில் சுமார் 2 மணி, விடுமுறை நாளில் சுமார் 3 மணி என்று வரம்பு வைத்தது. அரசாணையைவிட வேகமாகத் தலைமுடி வளர்ந்தது. பேஸ்பால் மாணவர் மொட்டையடித்திருக்க வேண்டும் என்று வைத்திருந்த பள்ளிகள் 2018இல் 76.8 விழுக்காடு, 2023இல் 26.4. அதே 2023இல், முடி வளர்த்த பையன்களோடு, ஆட்டத்தை மகிழ்ந்து ஆடுவோம் என்ற கொள்கையோடு வந்த கெய்யோ பள்ளி 107 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது. கெய்யோ வசதியான குடும்பத்துப் பிள்ளைகளின் பள்ளி என்பதையும் பலர் சுட்டினார்கள். மகிழ்ச்சிக்கும் முதலீடு வேண்டும் என்று கசப்போடு சொன்னவர்களைத் தள்ளிவிட முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருப்பது பிறப்பு விகிதம். 1973இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 20 லட்சத்துக்கு மேல். 2024இல் 7 லட்சத்துக்கும் கீழ். பேஸ்பால் கூட்டமைப்பில் பதிவான வீரர்கள் 2014இல் 1,70,000க்கு மேல் இருந்தார்கள், 2024இல் சுமார் 1,27,000. ஒன்பது பேர் சேராத பள்ளிகள் பக்கத்துப் பள்ளிகளோடு கூட்டணி வைத்து, ஆளுக்கொரு சீருடையில் இறங்குகின்றன. ஒரே பள்ளி, ஒரே குடும்பம் என்ற பேச்சு அங்கே தானாகவே தளர்கிறது.

2022 டிசம்பரில் அரசு வெளியிட்ட வழிகாட்டல், மன்றங்களைப் பள்ளியிலிருந்து பிரித்து ஊர்க் கழகங்களிடம் ஒப்படைக்கும் திட்டத்தை முன்வைத்தது. கோபே நகராட்சி ஒரு படி மேலே போய், 2026இல் தன் நடுநிலைப் பள்ளி மன்றங்களை மூடிவிட்டு 'கோபே கட்சு' என்ற நகரளாவிய ஏற்பாட்டுக்கு மாற முடிவுசெய்தது. அதில் பயிற்றுநருக்கு ஊதியம் உண்டு, பொறுப்பு உண்டு. குடும்பத்துக்குக் கட்டணமும் உண்டு. ஆசிரியரின் சம்பளம் கேட்காத ஞாயிற்றுக்கிழமைகள்தான் இத்தனை காலம் ஏழைப் பிள்ளையின் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவந்தன என்பது இப்போது ரசீதில் தெரிகிறது. 1971 சட்டத்தின் 4 விழுக்காட்டைப் படிப்படியாக 10 ஆக்க 2025இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் மன்றப் பணி கடமையா, விருப்பமா என்ற கேள்வியை அந்தத் திருத்தம் தொடவில்லை.

மன்றங்களைப் பள்ளியிலிருந்து பிரிக்கும் சீர்திருத்தம் குறிவைத்தது நடுநிலைப் பள்ளிகளைத்தான். உயர்நிலைப் பள்ளிகள் தத்தம் நிலைமைக்கேற்ப முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்று வழிகாட்டல் நகர்ந்துவிட்டது. அங்கே மாகாணப் பெருமை இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, விளையாட்டை நம்பி மாணவர் சேர்க்கும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி, ஒப்பந்தப் பயிற்றுநரிடம் பழகிய கோபேயின் முதல் அணி 2027 ஏப்ரலில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும். அங்கே அவர்களை வரவேற்கப்போவது சம்பளமில்லாத ஒரு வேதியியல் ஆசிரியரும், பந்து பொறுக்கச் சொல்லும் ஒரு சென்பாயும். முந்தைய தலைமுறை கேட்காத ஒரு கேள்வியை அவர்கள் கேட்கக்கூடும்: நான் விரும்பித்தானே வந்தேன், அப்படியென்றால் விரும்பும்போது போகலாமா?